தர்பாருக்கு ஒரு திருடன்

ஜனவரி 1, வியாழன்

எங்கள் குதூகலபுரி தீம் பார்க்கில் இன்றைக்கு வேலை பார்க்கிற எல்லாருக்கும் ஒரு டைரி கொடுத்தார்கள். அட்டையில் ராட்டினம் படம். ஷோ மேனேஜர் ஜெசிந்தா மேடம், "சோணை ஐயா, தினம் ஷோ எப்படிப் போச்சுன்னு ரெண்டு வரி எழுதி வைங்க" என்றார்.

நான் ஐந்தாவது வரைக்கும் போனவன். ஐந்தாவதில் பாதி நாள் வாத்தியார் என்னை வெளியில் நிறுத்தி வைத்திருந்ததால் நாலரை என்று வைத்துக்கொள்ளலாம். "ரெண்டு வரி போதுமா மேடம்? என் பெருமையே மூணு வரி வருமே" என்றேன். சிரிக்கவில்லை. மார்கழிக் குளிரில் பல்லை வெளியே காட்டினால் கூசும்போல.

எனக்கு வயது அறுபத்தொன்பது. குதூகலபுரியில் ‘ராஜா தர்பார்’ ஷோவில் ஆறு வருஷமாக நான்தான் மந்திரி. பிள்ளைகள் சீட்டுக் குலுக்கிப் போட்டு விளையாடுமே ராஜா, ராணி, போலீஸ், திருடன், அதேதான். ஆனால் எங்கள் தர்பாரில் சீட்டுக் கிடையாது. கூட்டத்திலிருந்து நாலு பிள்ளைகளை நான் பொறுக்குவேன். ஸ்பாஞ்சு சுற்றி ஜிகினா ஒட்டிய செங்கோல் ஒன்று வைத்திருக்கிறேன். அது எந்தத் தோளில் படுகிறதோ அந்தப் பிள்ளை மேடைக்கு வரும். திருடன் ராஜாவின் லட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, கூட்டத்தில் யாரிடமாவது ஒளித்து வைக்கணும். லட்டு என்றால் பூசணிக்காய் அளவு, அதுவும் ஸ்பாஞ்சுதான். போலீஸ் கண்டுபிடிக்கணும். இருபது நிமிஷம்.

ஒரு நாளைக்கு நாலு ஷோ. ஆறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குப் பதவி கொடுத்திருப்பேன்! எந்த அரசாங்கம் கொடுத்தது இவ்வளவு பேருக்கு?

ஜனவரி 4, ஞாயிறு

நாலு ஷோவும் அமர்க்களம்.

பொறுக்குகிற வித்தையை இங்கே எழுதி வைக்கிறேன். கை தூக்குகிற பிள்ளையை எடுக்கவே கூடாது. அம்மாக்காரி முதுகில் குத்தி "எந்திரிடா எந்திரிடா" என்று தள்ளுகிற பிள்ளை மேடைக்கு வந்ததும் அழும். நான் வரிசை வரிசையாகப் போய் வம்பிழுப்பேன். பதில் வருகிற லட்சணத்தை வைத்து எடை போடுவேன்.

"எனக்கு வேணாம், தங்கச்சியக் கூப்பிடுங்க" என்றால் அவன் ராஜா. "டிரெஸ்ஸு குடுப்பீங்களா?" என்று கேட்டால் ராணி. "அவன் என்னையக் கிள்ளுறான்" என்றால் போலீஸ். ராஜாவாக யார் வேண்டுமானாலும் உட்காரலாம். திருடன் சரியில்லை என்றால் தர்பாரே படுத்துவிடும். திருடன் என்பவன் என்னையே திருப்பி அடிக்கணும், வாயால்.

இன்றைக்கு மூணாவது ஷோவில் ஒருத்தியிடம், "என்னத்தா, உங்கப்பா தலையில பாதி வயலு அறுத்தாச்சு, மீதி எப்ப அறுப்பு?" என்றேன். பட்டென்று சொல்கிறாள்: "ஒங்க மீசையக் கொண்டாந்து நட்டுருவோம் தாத்தா!" அரங்கமே அதிர்ந்தது. செங்கோலை வைத்தேன் தோளில். திருடன்!

ஜனவரி 7, புதன்

இந்த டைரியோடு கொடுத்த பேனா சுத்த மோசம். மை எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. கம்பெனிக்காரன் தண்ணீர் கலக்குகிறான். தடித்த ஸ்கெட்ச் பேனா வாங்கிவிட்டேன். மூணு வரி இடத்தில் ஒரு வரி எழுதினால் பார்க்கவும் ஜம்மென்று இருக்கிறது.

காலையில் வேறு பஸ்ஸில் ஏறி வாடிப்பட்டி வரைக்கும் போய்த் திரும்பினேன். பஸ் நம்பரை இப்போதெல்லாம் சின்னதாக எழுதுகிறார்கள்.

ஜனவரி 9, வெள்ளி

மேடம் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். இருபத்து மூணாம் தேதி மெடிக்கல் செக்கப். ரத்தம், சுகர், கண்ணு. படிக்கட்டும் பிள்ளைகளும் இருக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் கட்டாயம் பாஸாகணுமாம்.

போன வருஷம் படகுக்காரர்களுக்கு மட்டும் வைத்த கண் பரிசோதனையில் ஆண்டிச்சாமி தேறவில்லை. இப்போது வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறான். நல்ல வேலைதான், நிழல், ஃபேன் எல்லாம் உண்டு. ஆனால் மந்திரியாக இருந்தவன் செருப்புக்கு நடுவில் உட்கார்ந்து என்ன சொல்வது? ‘வருக வருக பாட்டா சக்கரவர்த்தியே’ என்றா?

எனக்கென்ன கவலை. என் கண்ணு கழுகுக் கண்ணு.

ஜனவரி 11, ஞாயிறு

தவசி எங்கள் தர்பாரில் முரசு அடிக்கிறவன். நல்ல பையன், நாற்பத்தைந்து வயசுதான். கண்ணாடிக் கடையில் தொங்குகிற எழுத்து அட்டையைப் போனில் படம் பிடித்து வந்தான். எதற்கு என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சும்மா ஒரு பொது அறிவுக்கு.

வீட்டில் என் பெண்டாட்டி அங்கம்மா படித்துச் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்தேன். ட. ப, ர. ம, ய, க. அப்புறம் கீழே ஒரு கூட்டமே இருக்கிறது.

"இதுக்குப் பதுலா ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தக் கண்ணுப் புரையத்தான் எடுத்துட்டு வந்தா என்னவாம்?" என்றாள்.

"எந்தப் புரை?"

"நேத்து என் சேலைய எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு டீக்கடை வரைக்கும் போனீகள்ல, அந்தப் புரை."

இவளுக்கு எதையும் பெரிசு பண்ணித்தான் பழக்கம். துண்டும் சேலையும் ஒரே கலரில் எடுத்தது யார்?

ஆப்பரேஷன் என்றால் ஒரு மாசம் லீவு. ஒரு மாசத்தில் மந்திரி நாற்காலியில் எவன் உட்காருவான் என்று யாருக்குத் தெரியும்? அதையெல்லாம் இவளிடம் சொல்ல முடியுமா?

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பார்க்கில் பொங்கப் பானைக்குப் பக்கத்தில் மந்திரி வேஷத்தில் நின்றேன். முந்நூறு போட்டோவுக்கு மேல் எடுத்திருப்பார்கள். அழகு போகிற இடமெல்லாம் தொந்தரவுதான்.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். அடேயப்பா கூட்டம். நடக்க இடமில்லை. என் செங்கோலுக்குள் பைப் ஒன்று வைத்திருக்கிறேன், அதைத் தரையில் தட்டித் தட்டி வழி விலக்கிப் போவேன். அது ஒரு கம்பீரம். படிக்கட்டு ஏழு. கலைஞன் தன் மேடையை அளந்து வைத்திருப்பான்.

இன்றைக்கு ரெண்டு சின்ன விஷயம் நடந்தது, நாளைக்கு யாராவது மாற்றிச் சொல்லிவிடுவார்கள் என்பதால் உள்ளபடி எழுதுகிறேன்.

ஒன்று. "வாடி என் தங்கப் பாப்பா" என்று ஒரு தோளில் செங்கோலை வைத்தேன். அது மேலூர் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிற அம்மாவாம். அந்த அம்மா குட்டையாகப் பிறந்தது என் குற்றமா? அவரும் சிரித்துக்கொண்டே வந்து ராணியாக உட்கார்ந்தார்.

ரெண்டு. பதினோரு மணி ஷோவில் திருடனாக எடுத்த பையனையே மூணு மணி ஷோவிலும் எடுத்துவிட்டேன். வேண்டுமென்றேதான் எடுத்தேன். திறமைசாலிக்கு ரெண்டு வாய்ப்புக் கொடுத்தால் என்ன? ஆனால் அவனே "தாத்தா, நாந்தான் காலையிலயே வந்தேன்ல?" என்று மைக்கில் கேட்டுத் தொலைத்தான்.

ஜனவரி 18, ஞாயிறு

மேடம் அறைக்குக் கூப்பிட்டார். யாரோ ஒரு அப்பா புகார் எழுதிப் போட்டிருக்கிறார். அவர் பெண் காலையிலிருந்து மூணு ஷோ முன்வரிசையில் உட்கார்ந்ததாம். ஒருத்தனுக்கே ரெண்டு தடவை, எங்க பிள்ளைக்கு ஒண்ணுமில்லையா என்று.

"ஐயா, நீங்க அவனை அடையாளம் தெரியாம எடுத்தீங்களா?"

"தெரிஞ்சுதான் மேடம். கலைக்காக."

"மேலிடத்துல சொல்லிட்டாங்க. இன்னொரு புகார் வந்தா, ஸ்கிரீன்ல சீட்டு நம்பரைக் குலுக்கி எடுத்துக்கலாமாம். ஆளே வேணாமாம்."

"குலுக்குற மெஷினு வம்பிழுக்குமா மேடம்?"

"நானும் அதத்தான் கேட்டேன்" என்றார். என்னைப் பார்த்தாரா, ஜன்னலைப் பார்த்தாரா, தெரியவில்லை. வெளிச்சம் அவர் பின்னால் இருந்தது.

நான் சொல்லிவிட்டு வந்தேன், "ஆறு வருஷத்துல என் திருடன் ஒருத்தன்கூடச் சோடை போனதில்ல மேடம்" என்று. அது சத்தியம்.

ஜனவரி 21, புதன்

போர்டில் மஞ்சள் தாளில் என்னவோ ஒட்டியிருந்தது. எல்லாரும் நின்று படித்தார்கள். நானும் நின்று, "ம்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கக்கூஸைச் சுத்தமாக வைக்கணும் என்று இருக்கும், வேறென்ன.

ஜனவரி 22, வியாழன்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. ஸ்கெட்ச் பேனா தீர்ந்தாலும் பரவாயில்லை.

பதினோரு மணி ஷோ. ஏதோ ஸ்கூல் பிள்ளைகள், அறுபது பேர், அரங்கத்தில் பாதி. மீதிப் பாதி குடும்பங்கள். தவசி முரசு அடித்தான். நான் ஏழு படியும் இறங்கி ஸ்கூல் பக்கம் போனேன்.

"என்ன மக்கா, பொங்கக் கரும்பு தின்னதுல பல்லு எல்லாம் பத்திரமா இருக்கா?"

சத்தமே இல்லை.

"யாருடா அது மூணாவது வரிசையில, டவுசரத் திருப்பிப் போட்டுட்டு வந்தது?"

இதற்குச் சிரிக்காத பிள்ளை இந்த மாவட்டத்தில் கிடையாது. இங்கே ஒரு சிரிப்பும் இல்லை. அடுத்த வரிசைக்குப் போனேன். அங்கேயும் மூச்சில்லை. பிள்ளைகள் இருக்கிறது தெரிகிறது, பெஞ்சு அசைகிற சத்தம், சட்டை உரசுகிற சத்தம், எல்லாம் கேட்கிறது. வாய்ச் சத்தம் மட்டும் இல்லை. எனக்குச் சட்டைக்குள் வேர்த்து ஊற்றிவிட்டது. பிறந்ததிலிருந்து நான் பேசி யாரும் இப்படிச் சும்மா இருந்ததில்லை. என் மாமியார்கூட.

"என்ன, அம்புட்டுப் பேரும் வாயக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வந்துட்டீகளா?" என்றேன்.

அந்தப் பக்கம் குடும்பங்கள் உட்கார்ந்திருந்த பாதியில் யாரோ "ச்சே" என்றது தெளிவாகக் கேட்டது.

ஒரு பொம்பளைக் குரல் என் காதுக்குப் பக்கத்தில் வந்தது. "ஐயா, நான் பாக்கியம், இவங்க டீச்சர். இது காது கேளாதோர் பள்ளிங்க. பிள்ளைங்களுக்குக் காது கேக்காது. நீங்க வந்ததுலருந்து எல்லாரும் கையால பேசிக்கிட்டேதான் இருக்காங்க. பாக்கலயா நீங்க?"

நேற்றைய மஞ்சள் தாளில் இருந்தது இதுதான் போல. பார்த்தேன் என்று சொல்வதா, பார்க்கவில்லை என்று சொல்வதா? எதைச் சொன்னாலும் கெட்டது. மேடமும் அரங்கத்தில்தான் நிற்கிறார், அவர் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். நான் செங்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் சோணைமுத்து, நாளையிலிருந்து செருப்பு டோக்கன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வந்தது.

ஒரு சிரிப்பு இல்லை, அறுபது சிரிப்பு. காது கேட்காத பிள்ளைகள் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். கட்டுப்பாடே கிடையாது. அடிவயிற்றிலிருந்து வரும். காலால் பலகையைப் படபடவென்று உதைத்தார்கள், அது என் உள்ளங்கால் வழியாக ஏறிற்று. நான் நடந்தால் சிரிப்பு. நின்றால் நிற்கும். மறுபடி நடந்தால் சிரிப்பு. இந்தப் பக்கம் குடும்பங்களும் சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கா தெரியாது? எவனோ எனக்குப் பின்னால் என்னை மாதிரியே நடக்கிறான்!

இந்த அரங்கத்தில் இந்த மந்திரியையே திருப்பி அடிக்க ஒருத்தன் இருக்கிறான். சட்டென்று திரும்பி, கூர்ந்து பார்த்து, குறி தவறாமல் செங்கோலை நீட்டினேன். மெத்தென்று ஒரு தோளில் உட்கார்ந்தது.

"புடிச்சேன் திருடனை!"

தர்ஷிகா என்று பெயர். பத்து வயசு. ரெட்டைச் சடை என்று பாக்கியம் டீச்சர் சொன்னார். ராஜா, ராணி, போலீஸை டீச்சர் காதில் சொல்லச் சொல்ல எடுத்தேன். ஆனால் அவர்களை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்? இந்தத் திருடி லட்டைத் தொடவே இல்லை. நேராக என்னிடம் வந்து என் ஒட்டு மீசையைப் பிய்த்துத் தன் மூக்குக்குக் கீழே ஒட்டிக்கொண்டாள். அப்புறம் என் செங்கோலையும் பறித்துவிட்டாள். போலீஸ் என்னையே தேடுகிறான், எது மந்திரி எது திருடி என்று தெரியாமல். தவசி முரசு அடிக்க மறந்து சிரித்துக்கொண்டிருந்தான். ஆறு வருஷத்தில் இப்படி ஒரு தர்பார் நடந்ததில்லை.

ஷோ முடிந்ததும் எல்லாரும் இறங்கணும். என் கையில் செங்கோல் இல்லை. படி ஏழு என்று எனக்கு நன்றாகத் தெரியும், முதல் படி எங்கே ஆரம்பிக்கிறது என்பதுதான் ஒரு சின்ன சந்தேகம். அப்போது அவள் வந்து என் கையைப் பிடித்து, மந்திரியைக் கைது செய்து கீழே கூட்டிப் போய்விட்டாள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

அவர்கள் பஸ் ஏறும்போது பாக்கியம் டீச்சர் சொன்னார்: "ஐயா, எங்க பிள்ளைங்க யாரையாச்சும் பிடிச்சுப்போனா கையாலயே ஒரு பேர் வப்பாங்க. உங்களுக்கும் வச்சுட்டாங்க. மொதல்ல மீசைய முறுக்கணும்…"

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணு இருக்கு. அதை நீங்களே பாத்துக்கங்க. அறுபது பேரும் ஜன்னல் வழியா செஞ்சு காட்டுறாங்க பாருங்க."

பார்த்தேன். பார்த்துக் கையும் ஆட்டினேன். தவசி என் தோளைப் பிடித்துத் திருப்பி, "பெருசு, அது ஐஸ் வண்டி. பஸ்ஸு இந்தப் பக்கம்" என்றான்.

சாயங்காலம் மேடம் ரெண்டு டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, இது எத்தனை விரல்?"

"ஏன் மேடம், காலேஜு வரைக்கும் படிச்சும் ஒங்களுக்கு எண்ணத் தெரியலயா?"

அவர் சிரித்தார். முதல் தடவை. அப்புறம், "அந்தப் பொண்ணு உங்களை மாதிரி நடந்தப்ப எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. ரெண்டு வருஷமா தினம் அந்த நடையப் பாக்குறேன், கம்பீரம்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

ஜனவரி 23, வெள்ளி

கண் டாக்டர் சின்னப் பையன். எதிரில் உட்கார வைத்து, "படிங்க தாத்தா" என்றான். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, ட, ப, ர, ம, ய, க என்று கடைசிக் கூட்டம் வரைக்கும் ஒரே மூச்சில் முடித்தேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. என் வாத்தியார் இருந்திருந்தால் கண்ணில் தண்ணீர் விட்டிருப்பார்.

"சூப்பர் தாத்தா. ஆனா அட்டைய நான் இன்னும் மாட்டலயே" என்றான்.

பின்னால் நின்ற மேடம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

ரெண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணு ரொம்ப முற்றிவிட்டதாம், அதை முதலில் எடுக்கணுமாம். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அதுவரைக்கும் மந்திரி யாரு?"

"தவசி நிப்பாரு. ஆனா மந்திரி நீங்கதான். ஸ்கிரீன் குலுக்கலைப் பத்தி மேலிடத்துல நான் பேசிக்கிறேன். நேத்து ஷோவோட வீடியோவ அனுப்பிட்டேன்."

"வீடியோவா? எடுத்தீகளா?"

"ஆமா. நீங்களும் பாக்கலாம், கண்ணு வந்தப்புறம்."

பிப்ரவரி 3, செவ்வாய்

எழுதுவது அங்கம்மா. "ஆப்பரேசன் ஆச்சு. நல்லா இருக்காக. பக்கத்துப் படுக்கைக் கிழவரை ராஜா ஆக்கி, நர்ஸம்மாவை ராணி ஆக்கி, டாக்டரைப் போலீசு ஆக்கிட்டாக. திருடன் ஆரும் ஆப்படலயாம்."

பிப்ரவரி 4, புதன்

கட்டுப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது அங்கம்மா.

"ஏடி, நீ எப்ப இம்புட்டு நரைச்ச?"

"நீங்க கழுகுக் கண்ண வச்சுப் பாத்துக்கிட்டிருந்தீகள்ல, அப்ப."

அவள் சேலை மாம்பழக் கலர். என் துண்டு பச்சை.

பிப்ரவரி 8, ஞாயிறு

தவசி போனைக் கொண்டு வந்தான். மேடம் எடுத்த வீடியோ, வெட்டி ஒட்டி ரெண்டு நிமிஷம். ஆறு தடவை பார்த்தேன்.

ஒரு கிழவன் வருகிறான். இடது கை கம்பியைத் தடவுகிறது. வலது கையில் ஜிகினாக் குச்சி, தட்டித் தட்டி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கிறான், கோழி மாதிரி. அவனுக்குப் பின்னால் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி. அதே தடவல், அதே தட்டல், அதே கோழித் தலை. அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்! அவள் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறாள். இந்த அரங்கத்தில் மேடத்துக்குத் தெரியாதது, தவசி வாய் திறக்காதது, அவளுக்கு ரெண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கிறது.

அப்புறம் கிழவன் சட்டென்று திரும்புகிறான். செங்கோலை நீட்டுகிறான். அது நீண்ட இடத்தில் யாரும் இல்லை. வெறும் காற்று. ஒரு வினாடி அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. அந்தப் பெண் அதைப் பார்க்கிறாள். கிழவன் முகத்தைப் பார்க்கிறாள். ரெண்டே எட்டில் ஓடி வந்து, முட்டியை மடக்கி, செங்கோலுக்குக் கீழே தன் தோளைக் கொண்டுவந்து வைக்கிறாள்.

படி இறங்குகிறபோது ஒவ்வொரு படியிலும் நின்று தன் காலால் ரெண்டு தட்டுத் தட்டுகிறாள். கிழவன் கால் அந்த இடத்துக்குப் போகிறது.

கடைசியில் பஸ். ஜன்னலுக்கு ஜன்னல் கை. மீசையை முறுக்குகிறார்கள், அப்புறம் காற்றில் ஒரு குச்சியை நீட்டி, முன்னால் தட்டித் தட்டிக் காட்டுகிறார்கள். அறுபது பேரும் ஒரே மாதிரி. அதுதான் என் பேர்.

தவசி போனதும் கண்ணாடிக்கு முன்னால் நின்று நானும் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. சோணைமுத்துவைவிட மிடுக்கு.

"ஆரோட பேசுறீக?" என்று அங்கம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். நான் வாயே திறக்கவில்லை. இவளுக்குக் காது மட்டும் எப்படித்தான்.

மார்ச் 1, ஞாயிறு

மந்திரி திரும்பி வந்துவிட்டான். படிக்கட்டு எட்டாம். ஆறு வருஷமாகக் கடைசிப் படியைத் தாண்டித்தான் குதித்திருக்கிறேன் போல.

ஸ்கிரீன் குலுக்கல் இல்லை என்று மேலிடத்திலிருந்து வந்துவிட்டது. மேடம் அந்தத் தாளைக் கையில் கொடுத்து, "படிங்க" என்றார். படித்தேன், எழுத்து எழுத்தாக. தவசிக்கு நிம்மதி, அவன் ஒரு மாசமாக அழுகிற பிள்ளைகளையே பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறான்.

முதல் ஷோவில் மைக்கைப் பிடித்து, முதலில் மீசையை முறுக்கினேன், அப்புறம் செங்கோலை முன்னால் ரெண்டு தட்டு. "இதான்யா என் பேரு" என்றேன். கூட்டம் சிரித்தது. புரிந்து சிரிக்கவில்லை, ஆனாலும் சிரித்தது.

வெளியே வரும்போது மேடம் என்னை வம்பிழுக்கப் பார்த்தார். "ஐயா, ஒரு சந்தேகம். அன்னைக்கு அந்தத் திருடியை நீங்க எடுத்தீங்களா, அவ உங்களை எடுத்தாளா?"

"என்ன மேடம் கேள்வி இது? நான்தான் எடுத்தேன்."

"வீடியோ வேற மாதிரி காட்டுதே."

வீடியோ எதையும் காட்டிவிட்டுப் போகட்டும். அதற்கு மொத்த வயசே ரெண்டு நிமிஷம். எனக்கு அறுபத்தொன்பது.